கேளுங்க சொல்லுகேன்: படிக்க ஆசை, எழுதவும் ஆசை

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். நம்ம குமரி மாவட்டத்துல கருங்கல்ல இருந்து வந்தாலும் தோவாளையில இருந்து வந்தாலும் "நிறைய படிக்கேன், படிச்சுப் படிச்சு இப்போ எழுதணும்னு தோணுது, என்ன செய்ய"ன்னுதான் கேள்வி. அதனால பட்டா மாறுதல், முட்டுவலி, மாமியார் மருமகள் சண்டை எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சாச்சு, கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க. பேரு போட வேண்டாம்னு ரெண்டு மூணு பேரு எழுதியிருந்தாங்க, ஆகவே யாருக்க பேரும் போடல்ல, ஊரு மட்டும்தான்.

அண்ணாச்சி, நான் எம்.ஏ. படிக்கேன். சின்னதுல இருந்தே கண்ணுல பட்டதெல்லாம் படிப்பேன், பழம்பொரி மடிச்சுத் தாற பேப்பரக்கூட விட மாட்டேன். இப்போ கதை எழுதலாம்னு உக்காந்தா கடைசியா யாரப் படிச்சேனோ அவருக்க நடையிலேயே வருது. இந்த வாரம் ஒருத்தரு, அடுத்த வாரம் இன்னொருத்தரு. கொஞ்ச நாள் படிக்கத நிறுத்தினா எனக்குன்னு ஒரு நடை வருமா?
— வாசகி, கருங்கல்

நிறுத்தாதீங்க பிள்ளே. நிறுத்தினா நடையும் வராது, இருக்க ஆசையும் போயிரும்.

அடுத்தவங்க குரல் வருதேன்னு பயப்படவே வேண்டாம், எழுத வந்த எல்லாருமே யாரோ ஒருத்தர் மேல கிறுக்குப் பிடிச்சுத்தான் வந்திருக்காங்க. நம்ம நாகர்கோவில் சுந்தர ராமசாமியவே எடுத்துக்கிடுங்க. 1931ல பிறந்தவரு, பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளமும் சமஸ்கிருதமும், தமிழ் எழுதப் படிக்கப் பழகுனதே 18 வயசு வாக்குலதான். அப்படிப்பட்ட ஆளு ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள புதுமைப்பித்தனப் படிச்சு, அதுல அப்படியே விழுந்து, 1951ல புதுமைப்பித்தனுக்கு ஒரு நினைவு மலரே கொண்டு வந்தாரு, அவருக்க முதல் கதையான 'முதலும் முடிவும்' அச்சானதும் அந்த மலர்லதான். தனக்குப் பிடிச்ச எழுத்தாளருக்க பேரு போட்ட புத்தகத்துக்குள்ளயே ஒருத்தரு தன்னுக்க முதல் கதையப் போடுகாருன்னா அந்த கிறுக்கு எம்மாதிரி கிறுக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா பொறவு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். 'ஒரு புளியமரத்தின் கதை' வந்தது 1966ல. நடுவுல 15 வருஷம். அந்த நாவல்ல இருக்கது புதுமைப்பித்தனுக்க சென்னையும் இல்ல, திருநெல்வேலியும் இல்ல, முச்சந்தியில நிக்க ஒரு புளியமரம், அதச் சுத்தி கடைக்காரங்க, முனிசிபாலிட்டி அரசியல், நம்ம ஊருக்க வம்பு. இந்த 15 வருஷமும் அவரு படிக்கத நிறுத்திட்டு நடைக்காக காத்துக்கிட்டு இருக்கல்ல. படிச்சாரு, எழுதினாரு, கூடவே மலையாளத்துல இருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பும் செஞ்சாரு, தகழி சிவசங்கரப் பிள்ளைக்க 'செம்மீன்' நமக்குத் தமிழ்ல கிடைச்சது அவரு கையாலதான். மொழிபெயர்க்கதுன்னா என்னன்னு நினைக்கிய, முள்ளு எடுத்து மீன் தின்ன கணக்கா ஒரு புத்தகத்தப் படிக்கது. ஒவ்வொரு வார்த்தையிலயும் நின்னாகணும், இந்த ஆளு ஏன் இங்க இத சொல்லாம அத சொன்னான்னு கேட்டாகணும். உங்க ஊர்ல பாதிப் பேருக்கு மலையாளம் காதுல விழுந்துக்கிட்டுதானே இருக்கு, உங்களுக்கும் வரும்னா ஒரு பக்கம் செஞ்சு பாருங்க, அச்சுல வரணும்னு இல்ல, கைப் பழக்கத்துக்கு.

சரி, சொந்தக் குரல் எங்க இருந்து வரும்? எனக்கு தோணுகத சொல்லுகேன். நிறைய படிச்சவன் நிறைஞ்சு வழிஞ்சு எழுதுகான்னு பொதுவா ஒரு நினைப்பு இருக்கு, எனக்கு அதுல அவ்வளவு நம்பிக்கை கிடையாது. படிச்சுக்கிட்டே போகும்போது ஒரு இடத்துல சின்னதா ஒரு எரிச்சல் வரும். இவ்வளவு நல்ல புத்தகம், இதுல எல்லா வீட்டுலயும் பில்டர் காப்பி குடிக்கான், நம்ம வீட்டு சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் எங்க போச்சுன்னு. எனக்க அம்மச்சி பேசுன பேச்சு எந்தப் பக்கத்துலயும் இல்லியேன்னு. அந்த எரிச்சல் வந்த வாசகிதான் எழுதப் போறவ. ஒண்ணு ரெண்டு புத்தகம் மட்டும் படிச்சவளுக்கு அது வராது, ஏன்னா எது இல்லேன்னு தெரிய எவ்வளவோ இருக்கதப் பாத்திருக்கணும்.

ஹெப்சிபா ஜேசுதாசன் கல்லூரியில ஆங்கில இலக்கியம் சொல்லிக்குடுத்த பேராசிரியை. எவ்வளவு படிச்சிருப்பாங்க! ஆனா 1964ல அவங்க 'புத்தம் வீடு' எழுதினப்போ அதுல வந்தது நம்ம பனங்காட்டு ஊரு, பனையேறிக் குடும்பம், லிஸின்னு ஒரு பொண்ணு. ஷேக்ஸ்பியரப் படிச்சவங்க பனைய எழுதினாங்கன்னு சொன்னா கேக்க வேடிக்கையா இருக்கும், ஆனா ஷேக்ஸ்பியரப் படிச்சதாலதான் இந்தப் பனை இதுவரைக்கும் எழுதப்படல்லேன்னு கண்ணுல பட்டிருக்கும்னு நான் நினைக்கேன்.

உங்களுக்கு ஒரு சோலி தாறேன். அழகியபாண்டியபுரத்துக்காரர் கிருஷ்ணன் நம்பி 'மருமகள் வாக்கு'ன்னு ஒரு சிறுகதை எழுதியிருக்காரு. ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு தேர்தல், அவ்வளவுதான். ஒருக்க கதைக்காகப் படிங்க. அடுத்த நாள் பென்சில் எடுத்து வச்சுக்கிட்டு மறுபடியும் படிங்க. மாமியார் கொடுமைக்காரின்னு அவரு எங்கயாவது நேரா சொல்லுகாரா, இல்ல அவ பேச்சுலயே நமக்குத் தெரிஞ்சுருதா, முடிவுக்கு எங்க இருந்தே நம்மள நடத்திக்கிட்டுப் போறாருன்னு கோடு போட்டுப் பாருங்க. நம்பி 1976ல போயிட்டாரு, எழுதினது கொஞ்சம்தான், ஆனா கதை எழுதக் கத்துக்கிட நினைக்கவங்களுக்கு அந்த ஒரு கதையில அவ்வளவு இருக்கு. அது முடிஞ்சதும் உங்க கதைய வீட்டுல யாருக்காவது சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, வாசிக்கும்போது எங்க உங்களுக்கே கூச்சமா இருக்கோ அந்த வரி உங்களுக்க வரி இல்ல, கடன் வாங்கினது. அத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வைங்க.

ஐயா, எனக்க மகன் பிளஸ் டூ படிக்கான். எப்பம் பாத்தாலும் கதைப் புக்கு. ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுப் படிக்கான். கேட்டா எழுத்தாளன் ஆவப் போறேன்னு சொல்லுகான். இது சோறு போடுமா?
— ஒரு அம்மா, தக்கலை

போடாதும்மா. உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல்ல.

ஆனா அதுக்காகப் பயப்படவும் வேண்டாம், நம்ம மாவட்டத்துல எழுதினவங்கள்ல அநேகம் பேரு எழுத்த மட்டும் நம்பி அடுப்பு எரிக்கல்ல. கவிமணி வாத்தியார் வேலை பாத்தாரு, சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடை நடத்தினாரு, பொன்னீலன் கல்வித்துறையில அதிகாரி, நாஞ்சில் நாடன் மும்பையில கம்பெனி வேலைக்குப் போயி அங்க இருந்துக்கிட்டுதான் நாஞ்சில் நாட்டுக் கதைய எழுத ஆரம்பிச்சாரு, நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்துல இன்ஜினியர், தோப்பில் முகமது மீரான் வியாபாரம், ஜெயமோகன் டெலிபோன் துறையில இருந்தாரு. இதுல பொன்னீலனுக்கு 1994லயும் மீரானுக்கு 1997லயும் நீல பத்மநாபனுக்கு 2007லயும் நாஞ்சில் நாடனுக்கு 2010லயும் சாகித்ய அகாதமி கிடைச்சுது. எல்லாரும் பகல்ல ஒரு சோலி, மிச்ச நேரத்துல எழுத்துன்னு இருந்தவங்கதான். ஆகவே மகன்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான், எழுத்தாளன் ஆகு, கூடவே ஒரு வேலைக்கும் படி. படிக்கிறவன் அதுக்கு ஒத்துக்கிடுவான்.

ஒரு காரியத்த மட்டும் கவனிச்சுப் பாருங்கம்மா. கதை மேல உள்ள ஆசையில படிக்கானா, இல்ல கணக்கு டியூஷனுக்கு பயந்து கதைக்குள்ள போயி ஒளியிகானா? ரெண்டும் வெளியில இருந்து பாத்தா ஒண்ணாதான் தெரியும், பெத்தவங்களுக்குத்தான் வித்தியாசம் புரியும். ரெண்டாவதுன்னா கணக்குக்கு நல்ல வாத்தியாரப் பாருங்க, கதைப் புக்க பிடுங்காதீங்க. முதலாவதுன்னா மார்ச் பரீட்சை வரைக்கும் ராத்திரி ஒரு மணிக்கூறுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டு, போர்வைய விட்டு வெளிய வந்து லைட்டப் போட்டுப் படிக்கச் சொல்லுங்க, கண்ணாவது மிஞ்சும். முடிஞ்சா நீங்க சமையல் செய்யும்போது பக்கத்துல உக்காந்து ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஜெயமோகனுக்க அம்மா பெரிய வாசகின்னு அவரே பல இடத்துல எழுதியிருக்காரு. நீங்க படிக்காட்டியும் போகட்டும், காது குடுங்க.

அண்ணாச்சி, எனக்கு ரப்பர் வெட்டுதான் சோலி, வயசு 42. ஒம்பதாம் கிளாஸ் வரைக்கும் மலையாளம் மீடியம். தமிழ், பஸ் போர்டும் சினிமா போஸ்டரும் கூட்டிக் கூட்டிப் படிச்சு வந்தது. இப்போ தமிழ் நாவல் நிறைய படிக்கேன், உறக்கம் கெடுது. எழுதிப் பாத்தா ர, ற, ல, ள எல்லாம் தப்பு, ஒற்று எங்க போடணும்னே தெரியல்ல. என்னப் போல உள்ளவன் எழுதலாமா?
— வாசகர், குலசேகரம்

உங்கள விட்டா வேற யாரு எழுத?

1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேருகது வரைக்கும் நம்ம ஊரு முதல்ல திருவிதாங்கூர்லயும் பொறவு திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்துது. அன்னைக்கு இந்த மண்ணுல பள்ளிக்கூடம் போனவங்கள்ல பல பேருக்குக் கிடைச்சது மலையாளப் படிப்புதான். மேல சுந்தர ராமசாமியப் பத்தி சொன்னேன் பாத்தியளா. தேங்காப்பட்டணத்துக்காரர் தோப்பில் முகமது மீரானும் மலையாளம் படிச்சு வந்தவருதான். அவருக்க 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988ல புத்தகமா வந்துது, அவரு பிறந்தது 1944, கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட உங்களுக்க வயசுதான். அந்தப் புத்தகத்துல மலையாளமும் தமிழும் அரபிச் சொல்லும் கலந்த தேங்காப்பட்டணத்துப் பேச்சு அப்படியே வருது, அதுதான் அதுக்க பலமே, இலக்கணம் பாத்து அத வெட்டியிருந்தா புத்தகம் செத்திருக்கும்.

ஒற்றுப்பிழை திருத்த ஆளு உண்டு அண்ணாச்சி, பத்திரிகை ஆபீஸ்ல அதுக்குன்னே சம்பளத்துக்கு ஆளு வச்சிருக்காங்க. விடியதுக்கு முன்னால தலையில லைட்டக் கட்டிக்கிட்டு தோட்டத்துக்குள்ள போகும்போது என்ன சத்தம் கேக்கும், பட்டைய எவ்வளவு ஆழம் வெட்டினா பால் வரும், அதுக்கு மேல போனா மரத்துக்கு என்ன கேடு, செரட்டையில பால் சொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும், மழை பெய்ஞ்சா வெட்டு இல்லாத நாள்ல வீட்டுல என்ன பேச்சு நடக்கும், ஒட்டுப்பால் வித்த காசு யாரு கைக்குப் போகும், இதெல்லாம் எந்த புரூப் ரீடருக்கும் தெரியாது. எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும், அதனாலதான் கேக்கேன். மலையாளத்துல எழுத வசதின்னா முதல்ல மலையாள எழுத்துலயே எழுதிட்டு பொறவு தமிழுக்கு மாத்துங்க, ஒரு தப்பும் இல்ல. நாவல்னு தொடங்காதீங்க. ஒரு நாள் வெட்டு, காலையில இருந்து ஷீட் அடிச்சு முடிக்க வரைக்கும், அத மட்டும் எழுதுங்க.

இதுக்கு பக்கத்துல வச்சுப் படிக்க ஒரு புத்தகம்னா மலர்வதிக்க 'தூப்புக்காரி' சொல்லுவேன், 2012ல சாகித்ய அகாதமிக்க யுவ புரஸ்கார் வாங்கின நாவல், நம்ம மாவட்டத்துப் பிள்ளை, துப்புரவு வேலை செய்ய ஒரு அம்மைக்கும் மகளுக்கும் உள்ள கதை. உடம்பு நோவுக வேலைய உள்ள இருந்து எப்படி எழுதலாம்னு அதுல தெரியும்.

செல்போன்ல படிக்கதும், கதைய ஆடியோவா கேக்கதும் வாசிப்புல சேருமா?
— வாசகர், நித்திரவிளை

சேரும். நம்ம பாட்டன்மாருல பாதிப் பேரு வில்லுப்பாட்டு கேட்டே கதை தெரிஞ்சவங்கதானே. எழுத ஆசை உண்டுன்னா மட்டும் கேட்ட கதைய ஒருக்க அச்சுலயும் பாருங்க, பத்தி எங்க உடையுது, எங்க புள்ளி வச்சு நிறுத்துகாருன்னு காதுக்குத் தெரியாது.

எனக்க ஊரு பேச்சுல கதை எழுதினேன். கூட்டுக்காரன் படிச்சுட்டு இத மதுரைக்காரன் படிச்சா ஒரு எழவும் புரியாது, நல்ல தமிழ்ல மாத்துன்னு சொல்லுகான். மாத்தவா?
— வாசகர், இரணியல்

இரணியல்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வி கேக்கியளே! உங்க ஊர வச்சு, உங்க ஊரு செட்டிமாருக்க பேச்ச அப்படியே எடுத்து நீல பத்மநாபன் 'தலைமுறைகள்' எழுதினது 1968ல. மதுரைக்காரன் படிச்சான், சென்னைக்காரன் படிச்சான், இங்கிலீஷுக்கும் போயாச்சு. முதல் பத்து பக்கம் தட்டுத் தடுமாறும், பொறவு காது பழகிரும். கூட்டுக்காரன அந்தப் பத்து பக்கம் தாண்டி ஒருக்க போகச் சொல்லுங்க.

ஆனா கூட்டுக்காரன் பக்கமும் கொஞ்சம் ஞாயம் இருக்கலாம், உங்க கதைய நான் பாக்கல்ல. இப்போ சில பேரு எழுதுகதப் பாத்தா ஒவ்வொரு வரியிலயும் ஒரு "மக்கா", ஒரு "லேய்", ஒரு "எனக்க, ஒனக்க"ன்னு தூவி விட்டுட்டு குமரி மாவட்டக் கதைன்னு சொல்லிக்கிடுகாங்க. சினிமாவுல நாகர்கோவில் பேச்சுன்னு ஒண்ணு வருமே, அது. நம்ம மாவட்டம் கையகலம்தான், அதுக்குள்ள விளவங்கோட்டுப் பேச்சு வேற, தோவாளைப் பேச்சு வேற, குளச்சல் கடப்புறத்துல மீன் விக்க அக்கா பேசுகத அப்படியே கொண்டு வந்து சுசீந்திரம் தெருவுல ஒரு பாட்டி வாயில வச்சா எங்க ஊரு சின்னப் பிள்ளைகூட சிரிக்கும். யாரு பேசுகாங்களோ அவங்களுக்க வயசு, சாதி, வேலை, கோவம் எல்லாம் பேச்சுல இருக்கணும். அப்படி இருந்தா மாத்த வேண்டாம். அடிக்குறிப்பு போட்டு வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் சொல்லுகதும் வேண்டாம், பேசுக ஆளு கையில என்ன வச்சிருக்கான்னு காட்டுனா வார்த்தை தானா புரியும்.

புத்தகம் வாங்கப் பைசா இல்ல. எங்க ஊரு படிப்பகத்துல நாலு பேப்பரும் ஒரு கேரம் போர்டும்தான் இருக்கு. என்ன செய்ய?
— வாசகர், ஆரல்வாய்மொழி

படிப்பகம்னு போர்டு மட்டும் மிஞ்சின ஊரு நிறைய இருக்கு தம்பி, பாத்தா சங்கடமாத்தான் இருக்கும். 1945ல பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம், அதாவது நூலக சங்கம், தொடங்கின காலத்துல நம்மளும் அந்த ராஜ்யத்துலதான் இருந்தோம், ஊருக்கு ஊரு வாசகசாலைங்கற அந்த நினைப்பு பரவுன காலம் அது. ஆனா நாகர்கோவில்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு, ஊர்ப்புறத்துல கிளை நூலகமும் இருக்கு, உறுப்பினர் ஆகச் செலவு கொஞ்சம்தான். உங்க வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு ஒரு வரி சேத்துத்தான் வாங்குகாங்க. நம்ம பைசாவுல வாங்கின புத்தகம் அங்க தூசி பிடிச்சுக் கிடக்குது. கேட்ட புத்தகம் இல்லேன்னா விட்டுட்டு வராதீங்க, அங்க உள்ள நூலகர்கிட்ட எழுதிக் குடுங்க. ஒரே புத்தகத்த நாலு பேரு சேந்து கேட்டா வேகமா வரும்.

எத்தன புத்தகம் படிச்ச பொறவு எழுத ஆரம்பிக்கலாம்?
— வாசகி, மார்த்தாண்டம்

கணக்கு கிடையாதும்மா. எழுதிக்கிட்டே படிங்க.

அண்ணா, ஓக்கி புயல வச்சு ஒரு கதை எழுதி இதோட அனுப்பியிருக்கேன். படிச்சுட்டு நல்லா இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. புத்தகம் படிக்கது தவிர எழுத்துல எனக்கு வேற பழக்கம் இல்ல.
— வாசகி, தூத்தூர் பக்கம்

கதை கிடைச்சுது மக்களே. ரெண்டு வாட்டி படிச்சேன்.

முதல் மூணு பக்கம் கடல வர்ணிச்சிருக்கிய, நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நீங்க படிச்ச புத்தகத்துக்க கடல், "நீலப் பட்டு விரித்தாற்போல்"னு ஒரு வரி வேற. உங்க வீட்டுல யாரும் கடல அப்படி ஒருநாளாவது சொல்லியிருப்பாங்களா? நாலாம் பக்கத்துல, 2017 நவம்பர் கடைசியில, போட்டுல போன ஆளுக்க சேதி ஒண்ணும் இல்லாத அன்னைக்கு, அம்மா ஆதார் கார்டையும் போட்டோவையும் எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஆபீசா ஏறி இறங்குகாங்க, ஒரு இடத்துல பேரு எழுதுக ஆளு "போட்டு நம்பர் என்ன"ன்னு கேக்கான், அம்மாவுக்கு நம்பர் தெரியல்ல, போட்டுக்க பெயிண்ட் கலர சொல்லுகாங்க. அங்கதான் எனக்க கை நின்னுது. கதை அங்க இருந்துதான் தொடங்குது. முன்னால உள்ள மூணு பக்கத்தையும் எடுத்துருங்க, வருத்தமா இருக்கும், பரவால்ல, வேற ஒரு நோட்டுல ஒட்டி வச்சுக்கிடுங்க. கடைசிப் பக்கத்துல அரசாங்கத்தத் திட்டுகத ஒரு வரியாக் குறைங்க, பெயிண்ட் கலர் அந்தச் சோலிய உங்கள விட நல்லாச் செஞ்சாச்சு. அம்மா பேசுகதெல்லாம் சரியா இருக்கு, அதுல ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க.

திருத்தி அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள அனுப்புங்க. டைப் அடிக்கணும்னு இல்ல, கையெழுத்தே போதும், பேப்பருக்க ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, ரெண்டு பக்கமும் எழுதினா மை ஊறி இங்க படிக்க முடியாம ஆயிருது.